சத்தம் போடாத கேமரா

ஆவணி இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே எழுந்தேன். வாசல் தெளித்தேன், பால் காய்ச்சினேன். சார்ஜரிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி, லென்ஸ்களைப் பருத்தித் துணியால் துடைத்து, பையில் அதனதன் இடத்தில் வைத்தேன். இடது அறை பேட்டரிக்கு, வலது அறை கார்டுக்கு, நடு அறை கேமராவுக்கு. கல்யாண வேலைக்குப் போகும் நாட்களில் இந்த ஒழுங்கு மாறியதில்லை.

அன்று மட்டும் நடு அறையில் இரண்டு கேமராக்கள் இருந்தன.

செல்லூரில் எங்கள் ஸ்டூடியோவுக்கு எதிர்ச் சந்தில் தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் என் கொழுந்தன் பாண்டி பேசினான்.

"மதினி, இதைத் தூக்கிப் பாருங்க. பூ மாதிரி இருக்கும்."

"பூ மாதிரிதான் இருக்கு. கல்யாண வீட்ல பொம்மைன்னு நெனைச்சுக்கிட்டா?"

"அதெல்லாம் அந்தக் காலம். துஆ ஓதுற நேரத்துல கூட எடுக்கலாம். சத்தமே வராது. நான் எல்லாம் செட் பண்ணிட்டேன். நீங்க அமுக்குனா மட்டும் போதும்."

கடையைத் திறந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பாமலே சொன்னார்: "தெரியாததைக் கொண்டுபோயி நிக்காஹ் வீட்ல முழிச்சுக்கிட்டு நிக்காத. அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

கண்ணாடி உள்ளதும் இல்லாததும்

படம் எடுக்கும் தொழில் தெரியாதவர்களுக்காக இதை எழுதிவிடுகிறேன். எங்களிடம் இருந்த பழைய கேமரா டி.எஸ்.எல்.ஆர். வகை. உள்ளே ஒரு சிறு கண்ணாடி இருக்கும். பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது மேலே எழும்பி இறங்கும். 'டக்' என்று கேட்கும். கனமும் அதிகம்.

புதிய வகைக்குப் பெயரே மிரர்லெஸ். அந்தக் கண்ணாடி இல்லை. அதனால் உடம்பும் சின்னது, லென்ஸும் சின்னது. வேண்டுமென்றால் துளிச் சத்தமும் இல்லாமல் எடுக்கலாம்.

பாண்டியின் நண்பர் ஒருவர் இந்தப் புதியதை விற்கப் போகிறார். பதிலுக்கு எங்கள் பழையதையும் அதன் லென்ஸ்களையும் அவர் எடுத்துக்கொள்வார். ஆக, இரண்டையும் வைத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஞாயிறு ஒரு நாள் எடுத்துப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குப் புதியதன் பக்கம் சாய ஒரு காரணம் இருந்தது. வலது கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டில், சில மாதங்களாக ஒரு வலி. தோசைக் கரண்டியைத் திருப்பினாலே சுரீர் என்று ஏறும். "கனம் தூக்காதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கனம் தூக்குவதுதான் என் தொழில் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

கேமராவோட குட்டி

சின்னக் கேமராவுக்கு எங்கள் ஊரில் மரியாதை குறைவு. போன முகூர்த்தத்தில் பாண்டி இரவலாக ஒன்றை வாங்கிக்கொண்டு திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனான். பெண்ணின் தாய்மாமன் மண்டப வாசலிலேயே மறித்திருக்கிறார்.

"ஏன் மாப்ள, கேமராவக் கொண்டான்னா கேமராவோட குட்டியக் கொண்டாந்துருக்க?"

பாண்டி பேசாமல் காருக்குப் போய், கேமராவுக்கு அடியில் மாட்டும் பேட்டரிக் கூட்டை, பேட்டரி இல்லாமல் வெறுமனே, மாட்டிக்கொண்டு வந்தான். மேலே ஒரு பெரிய பிளாஷ். அதே கேமராதான். தாய்மாமன் திருப்தியாகி, மீசையை ஒதுக்கிக்கொண்டு நின்றாராம்.

பழையதற்கும் என் கணக்கில் நன்றி உண்டு. திருவாதவூரில் வயக்காட்டுப் பந்தலில் ஒரு காதுகுத்து. உச்சி வெயில். கிடா வெட்டியதிலிருந்து மொய் எழுதி முடியும்வரை ஒரே பேட்டரியில் ஓடியது. புதியது அப்படி ஓடாது. ஒரு கல்யாணத்துக்கு மூன்று நான்கு பேட்டரி தின்னும் என்று பாண்டியே ஒப்புக்கொண்டான்.

மேல்மாடி

நான் இந்த வேலைக்கு வந்த விதத்தை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். மதுரைப் பழைய ஊருக்குள்ளிருந்து ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெரியவர் கடைக்கு வந்து, "பொம்பளைங்க பக்கம் எடுக்க ஒரு பொம்பளை ஆள் கிடைக்குமா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து நான் 'போட்டோ அக்கா'.

அந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நிக்காஹ் முடிந்து கிளம்பும்போது, கேமராவிலிருந்து கார்டைக் கழற்றிப் பெண்ணின் தாயார் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆல்பம் போடுவதென்றால் அவர்களே எந்தெந்தப் படம் என்று பார்த்துக் கொடுப்பார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பிரதியும் இருக்காது. பெண்கள் என் முன்னால் துப்பட்டாவை எடுத்துவிட்டுச் சிரிப்பது அந்த நம்பிக்கையில்தான்.

அன்றைய நிக்காஹ் முனிச்சாலைப் பக்கம் ஒரு மஹாலில். கீழே ஆண்கள், மேல்மாடியில் பெண்கள். பெண்ணின் தாயார் மெஹருன்னிஸா எனக்குப் பழக்கம். மூத்த மகள் பர்வீனின் நிக்காஹையும் நான்தான் எடுத்தேன். இது இளையவள் சபீனாவுக்கு.

"மெலிஞ்சு போச்சே போட்டோக்கா உங்க கேமரா, சீக்கு வந்துருச்சா?" என்றார் மெஹருன்னிஸா.

"எனக்குத்தான் சீக்கு. அதுக்கு இல்ல."

பாண்டி சொல்லியிருந்தபடி கேமராவை ஒரு போனுடன் இணைத்தேன். எடுக்க எடுக்கப் படங்கள் அந்தப் போனுக்கே போய்விடும். வெளியாள் போன் வேண்டாம் என்று வீட்டுப் பெண்ணின் போனையே கேட்டேன். திருச்சியில் படிக்கும் ஆயிஷா, சபீனாவின் சித்தப்பா மகள், ஆசையாக நீட்டினாள்.

வேலை சுகமாக இருந்தது. மணிக்கட்டு வலிக்கவில்லை. கண்ணருகே தூக்க வேண்டியதே இல்லை. திரையை மேல்நோக்கி மடக்கி, கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, குனிந்து பார்த்தபடியே எடுத்தேன். சத்தமில்லாமல் எடுக்கும்போது பிளாஷும் அடிக்காது. சன்னல் வெளிச்சமே போதுமாயிருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைக்காத முகங்கள் அன்று கிடைத்தன. யாரும் நிமிரவில்லை, யாரும் முந்தானையைச் சரிசெய்யவில்லை.

மணப்பெண் கழுத்தில் கருகமணி போட்டு முடிந்ததும் கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் பின்படி வழியாக ஏறி வந்தாள். முகத்திரையைத் தூக்கினாள். பர்வீன். சபீனா ஒரு கணம் பார்த்துவிட்டு, நகையெல்லாம் குலுங்க எழுந்தாள். அக்காள் தங்கை இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு பர்வீன் தங்கையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சிரித்தாள். அழுகையும் சிரிப்பும் ஒரே முகத்தில். நான் விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"எடுக்கவே இல்லியே?"

சற்று நேரம் கழித்துப் பர்வீன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நல்லவேளை போட்டோக்கா, நான் வந்த நேரத்துல நீங்க எடுத்ததையெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தீங்க. சத்தம் கேட்டா ஓடிப்போயிருவோம்னு காதைத் தீட்டிக்கிட்டேதான் வந்தேன்."

கேமராவை மடியில் இறக்கி வைத்தேன்.

"அக்கா? எடுக்கலைல்ல?"

"எடுத்தேன் பர்வீன்."

"சத்தமே வரலியே!"

"இது சத்தம் போடாது."

அவள் என் தோளைப் பற்றிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள். சபீனாவைப் பர்வீனின் மாமியார் தன் தம்பி மகனுக்குக் கேட்டிருக்கிறார். இவர்கள் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. தங்கை நிக்காஹுக்குப் போகக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பல்வலி, மதுரையில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். கணவன் வெளிநாட்டில்.

"தெரிஞ்சா பிள்ளையை வெச்சுக்கிட்டு என்னைய மட்டும் அம்மா வீட்லயே இருன்னு விட்டுருவாங்கக்கா. முன்னாடியே சொல்லி வெச்சிருக்காங்க."

அதற்குள் மெஹருன்னிஸா வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இங்கே எழுத முடியவில்லை.

"நீங்க எடுக்கறீங்கன்னா 'டக்கு டக்கு'ன்னு கேக்குமே அக்கா! கேட்டிருந்தா நானே இவளை உள்ள தள்ளிருப்பேனே!"

"கார்டு என்கிட்டத்தான் இருக்கு. இப்பவே அழிச்சிரலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. படங்கள் கார்டில் மட்டும் இல்லை. "ஆயிஷா எங்க?"

பார்த்தவர்கள்

ஆயிஷா பக்கத்து அறையில் சன்னல் ஓரமாக இருந்தாள். எங்கள் மூன்று பேரையும் பார்த்து மலர்ந்தாள்.

"போட்டோக்கா, சூப்பரா இருக்கு! குரூப்ல போட பத்து செலக்ட் பண்ணிக்கிட்டு இருக்கேன். இந்த ஒண்ணை மட்டும் என் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டேன்."

திருப்பிக் காட்டினாள். பர்வீனின் இரண்டு கைகளுக்கு நடுவே சபீனாவின் முகம்.

ஆயிஷாவைக் குறை சொல்ல முடியாது. வெளியூரில் படிப்பவள்; இந்த வீட்டுச் சண்டை அவளுக்குத் தெரியாது. சொன்னதும் பதறிப்போய் அழிக்கப் போனாள். மெஹருன்னிஸா அவள் கையைப் பிடித்தார்.

"இருடி. யார் யார் பாத்தாங்கன்னு வருமில்ல? மொதல்ல அதைப் பாரு. அப்புறம் அழி."

பெயர்களை ஆயிஷா ஒவ்வொன்றாக வாசித்தாள். கல்லூரித் தோழிகள். "அது யாரு?" "ஹாஸ்டல்." "அது?" "எங்க மிஸ்." கீழே ஆண்கள் பக்கம் பிரியாணி அண்டாக்களை இழுக்கும் சத்தம் கேட்டது. மெஹருன்னிஸாவின் கையில் இருந்த, ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணி நகரவே இல்லை.

"நஸீமா" என்றாள் ஆயிஷா.

பர்வீனின் நாத்தனார். மாமியார் வீட்டிலேயே இருப்பவள்.

ஆயிஷா அழித்துவிட்டாள். அழித்து என்ன பயன்? "பர்வீன் மாமியா நம்பர் உன் போன்ல இருக்கா?" என்று மெஹருன்னிஸா கேட்டார். இருந்தது. ஆனால் பார்த்தவர்களில் அந்தப் பெயர் இல்லை.

அப்போது பர்வீனின் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். நஸீமா.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடு" என்றார் தாயார். "எடுக்காட்டித்தான் சந்தேகம்."

"வெளியில கல்யாணச் சத்தம் கேக்குதேம்மா. ஆஸ்பத்திரின்னு சொல்லிருக்கேன்."

நான் கதவைச் சாத்தினேன், சன்னலையும். ஆயிஷா மின்விசிறியை நிறுத்தினாள். எதற்கு நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மெஹருன்னிஸாவே பர்வீனிடமிருந்து போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, அவள் வாயருகே பிடித்தார்.

"பர்வீன்க்கா, பல்லு எப்டி இருக்கு?"

"இப்ப... பரவாயில்ல."

"புடுங்கிட்டாங்களா?"

"இல்ல. மருந்து வெச்சு விட்டுருக்காங்க."

"ம்." அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. பிறகு நஸீமாவின் குரல் இறங்கியது. "அம்மா தொழுதுக்கிட்டு இருக்காங்க. இனிமேத்தான் போனைத் தொறப்பாங்க. அந்த ஸ்டேட்டஸை எடுத்துட்டீங்கல்ல?"

பர்வீன் தலையை ஆட்டினாள், போனில் தெரியும் என்பதுபோல.

"எடுத்தாச்சும்மா" என்றார் மெஹருன்னிஸா.

அது யார் குரல் என்று நஸீமா கேட்கவில்லை. "நான் ஒண்ணும் பாக்கல" என்றாள். "பிள்ளை தூங்குறான். இருட்டுறதுக்குள்ள வந்துருங்கக்கா." வைக்கப் போனவள் மறுபடி சொன்னாள்: "சபீனா சேலைக் கலரு நல்லா இருக்கு."

முதுகு மட்டும்

கேமராவை மெஹருன்னிஸாவின் மடியில் வைத்து, அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கப் பார்க்க, பர்வீன் இருந்த ஒவ்வொரு படத்தையும் அழித்தேன். ஆயிஷா தன் போனில் அழித்தாள். அன்றைய படங்களில் மிக நல்லவை அவைதான். என் வேலையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி வந்ததில்லை என்றே நினைக்கிறேன். கடைசியாக அந்த ஒன்று வந்தபோது, எட்டிப் பார்த்த சபீனா, "அது மட்டும் இருக்கட்டுமேம்மா" என்றாள்.

"வேணாம் சபீ" என்றாள் பர்வீன். "யாரு கையில எப்ப மாட்டும்னு நான் தினம் பயந்துக்கிட்டு இருக்க முடியாது."

அழித்தேன்.

இது கேமராவின் குற்றம் அல்ல என்பதையும் எழுத வேண்டும். சத்தத்தை நிறுத்தி வைத்தது பாண்டி. நிறுத்தியிருக்கிறது என்று அந்த அறையில் இருந்தவர்களுக்குச் சொல்லாதது நான். என் கேமராவின் சத்தம் எனக்கு ஒரு தொல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த மேல்மாடிப் பெண்களுக்கு அது வாசலில் அடிக்கும் மணி. கேட்டால் நிமிரலாம், துப்பட்டாவை இழுக்கலாம், எழுந்து உள்ளே போகலாம். மணி அடிக்காமல் நான் உள்ளே புகுந்துவிட்டேன்.

சின்னதைப் பையில் வைத்துவிட்டுப் பழையதை எடுத்தேன். மணிக்கட்டில் கைக்குட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். முதல் படம் எடுத்ததும், 'டக்', மூலையில் சாய்ந்திருந்த ஒரு பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த இன்னொருத்தி நிதானமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பர்வீன் தூணுக்குப் பின்னால் போனாள்.

கிளம்பும் நேரத்தில் அவளே என்னிடம் வந்தாள். கறுப்பு அங்கியை முழுதாகப் போட்டிருந்தாள்.

"முதுகு மட்டும் தெரியறாப்ல ஒண்ணு எடுப்பீங்களா? அங்கி போட்ட முதுகு யாருதுன்னு யாருக்குத் தெரியும்?"

தங்கையைக் கட்டிக்கொண்டு, அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். சபீனாவின் முகம் மட்டும் என் பக்கம். நான் கேமராவைத் தூக்கினேன். வலி முழங்கை வரை ஏறியது. வெளிச்சம் பார்த்து, மூச்சைப் பிடித்து, அமுக்கினேன்.

'டக்.'

அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பர்வீன் தலையை நிமிர்த்தினாள். முகத்திரையை இறக்கிக்கொண்டு, "வாரேன்க்கா" என்று பின்படியில் இறங்கிப் போனாள்.

இரண்டு கேமராவின் கார்டுகளையும் கழற்றி மெஹருன்னிஸாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் கையை மூடிக்கொண்டார். என் கையையும் சேர்த்துத்தான் மூடினார். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். "சாப்பிடாமப் போகாதீங்க" என்றார்.

வீடு திரும்பும் ஆட்டோவில் பாண்டியின் போன் வந்தது. "எப்டி மதினி இருந்துச்சு? நாளைக்கு என் பிரெண்டுகிட்ட எடுத்துக்கறோம்னு சொல்லிரவா?"

"காலையில சொல்றேன்" என்றேன்.

மறுநாள்

ஆவணி முப்பது, திங்கட்கிழமை. வாசல் தெளிக்கவில்லை, பாலும் காய்ச்சவில்லை. எழுந்தவுடன் சின்னக் கேமராவை எடுத்து, அதன் அமைப்புகளுக்குள் தேடி, சத்தத்தைத் திறந்துவிட்டேன். நியாயம் என்றால் அதற்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

அடுப்படியில் என் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டியபடி மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். வெளியே தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாண வீட்டின் மேல்மாடியில் இருக்கும் இரைச்சல் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும்.

நிலைப்படியில் நின்று சின்னதை அமுக்கினேன். மெல்லிதாக ஒரு 'டிக்'. அவர் அசையவில்லை. கொஞ்சம் கிட்டே போய் அமுக்கினேன். அதற்கும் இல்லை.

அதைக் கீழே வைத்தேன். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, பழையதை எடுத்து, மறுபடி நிலைப்படிக்கே வந்து நின்று அமுக்கினேன்.

மிக்ஸியை நிறுத்தாமலே, திரும்பாமலே, அவர் முதுகை நிமிர்த்தினார். இடது கை தானாக மேலே போய்த் தலைமுடியைத் தடவிச் சரிசெய்தது.

சின்னதை அதன் பெட்டியில் வைத்து மூடினேன்.